விரல் மடங்காத பொம்மை

என் அக்கா இருசம்மாளின் புருஷன் ராசாங்கம் இருபத்திரண்டு வருடமாக லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறார். வேறு எந்த வேலையும் பார்த்ததில்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், டிப்பர் லாரிகள் பின்பக்கமாகவே மேடேறி வந்து ஒரு பெரிய குழியில் கல்லைக் கொட்டும். குழிக்கு ஹாப்பர் என்று பெயர். அதன் விளிம்பில் ஒரு கான்கிரீட் தடுப்புக் கட்டை. கட்டைக்குப் பக்கத்தில் ராசாங்கம். டிரைவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பக்கக் கண்ணாடியில் இவருடைய கை மட்டும் தெரியும். அது வா என்றால் வர வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். இதற்குப் போய் ஒரு ஆளா என்று கேட்கிறவர்கள் அந்த மேட்டில் ஒரு தடவை பின்னால் ஏறிப் பார்க்கலாம்.

நான் வீரமணி. அங்கே பதினோரு வருடமாக டிப்பர் ஓட்டுகிறேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று சுரங்கத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்களைப் பற்றி எனக்கும் பெரிய மரியாதை கிடையாது. ராசாங்கம் மாமாவைப் பற்றியும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நல்ல மனிதர், ஆனால் வெள்ளை ஹெல்மெட் போட்ட ஆபீஸர் எவன் வந்தாலும் முதுகை வளைக்கிறவர். காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து காண்ட்ராக்ட் ஆளாகவே நரைத்துவிட்டார். அதைப் பற்றி ஒரு நாளும் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

அவருக்குக் கை நிற்காது. சாப்பிட உட்கார்ந்தால் அக்கா குழம்பு ஊற்றும்போது முஷ்டியை உயர்த்துவார், போதும் என்று அர்த்தம். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஏதாவது டவுன் பஸ் பின்னால் வந்தால் யாரும் கேட்காமலே ஓடிப்போய் நின்று கை காட்டுவார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்திக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்தில்தான் இருப்பார். கண்டக்டர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த முஷ்டிக்கு ஒரு காரணம் உண்டு. எல்லா ஊரிலும் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நில் என்று அர்த்தம். எங்கள் ஹாப்பரில் அப்படி இல்லை. நான் சேருவதற்கு முன்பு அங்கேயும் விரித்த கைதான் நில் என்று இருந்ததாம். வா என்பதற்கும் விரித்த கையைத்தான் அசைப்பார்கள். ஒரு கோடையில், புழுதி மண்டிக் கிடந்தபோது, நில் என்று காட்டிய கையை ஒரு டிரைவர் வா என்று எடுத்துக்கொண்டான். கட்டைக்கும் லாரிக்கும் நடுவில் முத்துசாமி என்ற ஆள் நின்றிருந்தார். அவருடைய இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கை காட்டியது ராசாங்கம் மாமா.

மறுநாள் காலையில் எல்லா டிரைவரையும் மேட்டடியில் நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறார்: "இனிமே விரல் தெரிஞ்சா வா. விரல் தெரியலன்னா நில்லு. அவ்ளோதான்." அன்றிலிருந்து எங்கள் ஹாப்பரில் முஷ்டிதான் நில். எந்த ஆபீஸரும் உத்தரவு போடவில்லை, எந்தப் பலகையிலும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டையில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

எங்கள் ஆலையில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். மற்ற ஐம்பத்தொரு வாரமும் என்ன வாரம் என்று யாரும் சொன்னதில்லை. போன வருடம் புதிதாக வந்த பாதுகாப்பு ஆபீஸர் இளவரசன், கோலப்போட்டியும் பேச்சுப்போட்டியும் பழசாகிவிட்டன, இந்தத் தடவை கார்ட்டூன் படம் என்று சொல்லிவிட்டார். அவருடைய ஹெல்மெட்டில் ஒரு கீறல் இருக்காது. ஹாப்பர் பக்கம் வந்தால் கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்க மாட்டார். அந்தக் கர்ச்சீப்போடு ஒரு நாள் வந்து கால் மணி நேரம் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நீங்க பேசவே வேணாம். உங்க கையே பேசுது," என்றார். "படத்துல உஷார் மாமான்னு ஒரு பொம்மை வரும். கேமரா முன்னாடி நீங்க என்ன பண்றீங்களோ அதையே கம்ப்யூட்டர்ல அந்த பொம்மை பண்ணும். குரல் வேற ஆளு குடுப்பாரு. புதுசா வர டிரைவரு, சிக்னல் ஆளு எல்லாம் இந்த படத்த பாத்துட்டுதான் உள்ளயே வரணும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் லாரியின் டயரைப் பார்த்தேன்.

"நல்லா வந்துச்சுன்னா உங்கள டிரெய்னரா போட சொல்லி நானே எழுதுறேன். கம்பெனி ஆளா ஆயிடலாம்ணே."

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் விழுந்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் வாய்விட்டுக் கேட்காத வார்த்தை அது. கம்பெனி ஆள் என்றால் பெயர் போட்ட அட்டை, கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிட இடம், வருடா வருடம் கேட்டில் நின்று மறுபடி எடுப்பார்களா என்று விழிக்காத பிழைப்பு. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு பொம்மைக்கு உடம்பைக் கொடுத்து அதை வாங்க வேண்டுமா என்று கோபம் வந்தது. போகிற வழியெல்லாம் காறித் துப்பிக்கொண்டே போனேன்.

ஒத்திகை பத்து நாள் நடந்தது. இளவரசன் சார் போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். ஆச்சரியம் என்றால் இரண்டு கையும் கன்னத்தில். பயம் என்றால் முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடிக்க வேண்டும். யோசனை என்றால் ஹெல்மெட்டைத் தூக்கித் தலையைச் சொறிய வேண்டும். மகிழ்ச்சி என்றால் இரண்டு காலும் தரையை விட்டு எழும்ப வேண்டும். சுரங்கத்தில் இந்தப் பதினோரு வருடத்தில் மாமா எதற்கும் கன்னத்தில் கை வைத்து நான் பார்த்ததில்லை. அங்கே ஆச்சரியப்பட ஒன்றும் கிடையாது. ஆபீஸில் ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத்தான் சுரங்கம் பூராவும் ஆச்சரியமாக இருக்கும்.

பகல் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு, கைலியோடு பீரோ கண்ணாடி முன்னால் நின்று மனிதர் குதிப்பார். ஐம்பத்து மூன்று வயது. பீரோவுக்குள் இருக்கும் ஹேங்கர்கள் எல்லாம் சேர்ந்து ஆடும்.

"ஊர்ல ஆம்பளைங்க குடிச்சுட்டு ஆடுவாங்க," என்றாள் அக்கா. "எங்க வூட்டுல குடிக்காமயே ஆடுது."

"சும்மா இருடி. கால் எழும்புதா பாரு."

"எழும்புது, எழும்புது. சிமெண்டு தரை பேந்துச்சுன்னா யாரு பூசுறது?"

மூன்றாம் நாள் என்னை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"அங்க நிறுத்தி, திரும்பிப் பாக்காத. வண்டி கண்ணாடில என்னைப் பாரு மாப்ள. நான் பயப்படுறனா சந்தோஷப்படுறனான்னு தெரியுதான்னு சொல்லு. தெரியலன்னா கை உடம்போட ஒட்டிக்கிட்டு கெடக்குதுன்னு அர்த்தம். வெளிய எடுக்கணும்."

தெருக்கோடியில் வண்டி மேல் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, சின்னக் கண்ணாடியில் என் அக்கா புருஷன் துள்ளுவதைப் பார்த்தேன். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. தெரியுதா என்று அவர் கத்துவார், தெரியுது என்று பார்க்காமலே கத்துவேன். அவர் நம்ப மாட்டார். மறுபடி செய்வார். கையை இன்னும் அகட்டி, முழங்கையை இன்னும் தூக்கி, ஏழெட்டுத் தடவை. ஒன்பதாவது தடவை கண்ணாடியைச் சரியாகப் பார்த்தபோது, அவ்வளவு தூரத்தில், அவ்வளவு சின்னதாக, ஒரு மனிதன் பயந்து நடுங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதிவு. துணைக்கு வா என்று கூப்பிட்டதால் நானும் பஸ் ஏறினேன். பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடை மாடியில் ஸ்டுடியோ. நடத்துகிறவர் கலையரசன், கல்யாண வீடியோக்காரர். சுவர் முழுக்க மாப்பிள்ளை பெண்கள் ஒருவர் கன்னத்தில் ஒருவர் கன்னம் வைத்து நின்றார்கள். ஒரு மூலையில் படம் எடுப்பதற்கென்று தங்கக் கலர் அடித்த சிம்மாசன நாற்காலி கிடந்தது. இளவரசன் சார் ஏற்கெனவே வந்து அதில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பச்சைத் துணி முன்னால் மாமாவை நிறுத்தினார்கள். எதிரே டிவியில் உஷார் மாமா தெரிந்தது. உடம்பில் பாதி தலை, தலையில் பாதி மீசை, ஆரஞ்சு கலர் சட்டைக்குள் பானை வயிறு. மாமா இடது காலை நகர்த்தினார், அதுவும் நகர்த்தியது. மாமா தலையைச் சொறிந்தார், அதுவும் சொறிந்தது. அரை மணி நேரத்தில் பட்டியலில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. கலையரசன் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை என்றார்.

"போன மாசம் ஒரு மிமிக்ரிக்காரரு வந்தாரு. ஒரு குதிக்கு ஒரு நாள் ஆச்சு. நீங்க எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

"கண்ணாடிலதான்," என்றார் மாமா. வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. இந்த மனிதரை இதற்கு முன் ஒருவரும் பாராட்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் லாரியை நிறுத்துகிற காட்சி வந்தது. படத்திலேயே அதுதான் முக்கியம். மாமா வலது கையை உயர்த்தி முஷ்டி பிடித்தார். டிவியில் பொம்மை வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்தது.

மாமா தன் கையைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். கையை இறக்கி, மறுபடி உயர்த்தி, நரம்பு புடைக்க முஷ்டி பிடித்தார். பொம்மை நாலு விரலையும் விரித்து வா வா என்றது.

"தம்பி, வெரலு மடங்கலயே."

"அது மடங்காதுண்ணே," என்றார் கலையரசன். "இந்த பொம்மைக்கு மணிக்கட்டு வரைக்கும்தான் அசைவு. கை எப்பவும் விரிஞ்சுதான் இருக்கும். வெரலுக்கு தனியா ஒக்காந்து செய்யணும். வெள்ளிக்கிழம படம் வேணும்னு சார் சொல்றாரு, அதுக்குள்ள ஆவாது."

"வெரல எவன் எண்ணப் போறான்?" என்றார் இளவரசன். "எடுங்க."

மாமா அவரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று, முத்துசாமியின் காலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் இடத்தில் விரித்த கை என்றால் வா என்று அர்த்தம் என்றார். இளவரசன் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உலகம் பூரா விரிச்ச கைன்னா நில்லுதாண்ணே. டிராபிக் போலீஸ் எப்படி காட்டுறாரு?"

"போலீஸ்காரரு வண்டிக்கு முன்னாடி நிக்கிறாரு சார். நான் பின்னாடி நிக்கிறேன்."

இளவரசன் முதல் தடவையாகப் போனிலிருந்து கண்ணை எடுத்தார். இப்படி ஒரு பதில் அந்த வாயிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் எதிர்பார்க்கவில்லை.

"இப்ப என்ன பண்ணணும்ங்கிறீங்க?"

"இது ஒண்ணு மட்டும் என்னால ஆவாது சார். மத்த எல்லாம் இன்னொரு வாட்டி கூட செய்யறேன்."

"டிரெய்னர் விஷயம் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குங்க சார்."

"யோசிச்சு சொல்லுங்க."

மாமா யோசிக்கவில்லை. பச்சைத் துணியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை மாட்டினார். இளவரசன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தானே போய்க் கேமரா முன்னால் நின்றார். இடது கையை இடுப்பில் வைத்து, வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரே தடவையில் முடிந்துவிட்டது. அந்தப் படத்தில் உஷார் மாமா எல்லா இடத்திலும் ராசாங்கம் மாதிரி நடக்கும், குதிக்கும், நடுங்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் இடுப்பில் கை வைத்து ஆபீஸர் மாதிரி நிற்கும்.

இவ்வளவும் நடக்கும்போது நான் என்ன செய்தேன் என்று கேட்டால், கலையரசன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். பதினோரு வருடம் அந்த முஷ்டியைப் பார்த்து பிரேக் மிதித்தவன் நான். மாமா சொல்வது நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுரங்கத்தில் எல்லாரையும் கிழிக்கிற என் வாய் அங்கே பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரைத்தான் திட்டினேன். "கைய விரிச்சு காட்டிட்டு வந்திருந்தா கம்பெனி ஆளு. உனக்கு என்ன கொறஞ்சு போவுது மாமா? பொம்மைதான காட்டுது, நீயா காட்டுற?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"புது டிரைவரு இந்த படத்த பாத்துட்டு என்கிட்ட வருவான் மாப்ள. நான் முஷ்டி காட்டுவேன். இது என்னடா, படத்துல கைய விரிச்சாங்களேன்னு ஒரு நிமிஷம் யோசிப்பான். அவன் யோசிக்கிறதுக்குள்ள வண்டி கட்டைக்கு வந்துரும்."

 

வெள்ளிக்கிழமை பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாள். மேட்டடியில் ஷாமியானா போட்டு, வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரிகளுக்குச் சந்தன மாலை போட்டு, படத்தைப் போட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு செய்முறை விளக்கம் என்று ஹாப்பருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமாவை அன்றைக்குக் கை காட்ட விடவில்லை. ஓரமாகக் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் மற்ற காண்ட்ராக்ட் ஆட்களோடு நிற்க வைத்தார்கள். இளவரசன் தானே கட்டைக்குப் பக்கத்தில் நின்றார். கழுவி மாலை போட்டிருந்த லாரி என்னுடையது. முன்னாலேயே என்னிடம் சொல்லிவிட்டார்: "படத்துல வர மாதிரிதான். நான் கைய விரிச்சா நின்னுடணும்." சரி சார் என்றேன்.

காலி லாரி. கண்ணாடியில் அவர் கையை அசைத்தார், நான் பின்னால் ஏறினேன். பாதி மேட்டில் அவர் இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்தார்.

விசாரணையில் நான் சொன்னது ஒன்று. இங்கே எழுதுவது வேறு. விசாரணையில், பழக்க தோஷம் சார், எங்க எடத்துல விரிச்ச கைன்னா வான்னு அர்த்தம், கால் தன்னால வேலை செஞ்சிருச்சு என்றேன். நிஜம் என்னவென்றால், அந்தக் கைக்கு நில் என்று அர்த்தம் என எனக்குத் தெரியும். காலையில்தான் சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் போனேன். மெதுவாகத்தான் போனேன், நடக்கிற வேகம்கூட இல்லை. அவர் கண்ணில் பயத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் என் எண்ணம், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே இன்னும் சொல்லிக்கொள்கிறேன்.

இளவரசன் இடுப்பிலிருந்த கையையும் எடுத்து இரண்டு உள்ளங்கையையும் வேகமாக ஆட்டினார். எங்கள் பாஷையில் அதற்கு சீக்கிரம் வா என்று அர்த்தம். நான் வந்தேன். அவர் பின்னால் நகர்ந்தார். குதிகால் கட்டையில் இடித்தது. ஒரு பக்கம் கட்டை, இன்னொரு பக்கம் கைப்பிடிக் கம்பி. வெள்ளை ஹெல்மெட் கழன்று ஹாப்பருக்குள் விழுந்தது. கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் என் கால் எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இடது பக்கக் கண்ணாடியில் ஒரு முஷ்டி எழுந்தது.

மாமா கயிற்றைத் தாண்டி ஓடி வந்திருக்கிறார். ஒத்திகையில் செய்த மாதிரி கை உடம்பை விட்டு முழுசாக வெளியே, முழங்கை நிமிர்ந்து, தலைக்கு மேலே. என் கால் நான் சொல்லாமலே பிரேக்கில் விழுந்தது. இறங்கிப் பார்த்தபோது லாரிக்கும் இளவரசனின் வயிற்றுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அவருக்கு முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தது. பட்டியலில் அவரே எழுதியிருந்தபடிதான்.

விசாரணையில் எல்லா டிரைவர்களும் எனக்காகச் சாட்சி சொன்னார்கள். இங்கே முஷ்டிதான் நில் என்பது இத்தனை வருடம் கழித்து ஆபீஸுக்குத் தெரிய வந்தது. உடனே ஹாப்பரில் பலகை எழுதி வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆகாது என்ற விரல் இரண்டே நாளில் மடங்கிவிட்டது. கலையரசன் வந்து மாமாவின் முஷ்டியை ஒரு போட்டோ எடுத்துப்போய் அந்த இடத்தில் ஒட்டிவிட்டார். இப்போது படத்தில் உஷார் மாமா உடம்பெல்லாம் பொம்மை, கை மட்டும் மனிதக் கை. இதை முதல் நாளே செய்திருக்கலாம். இளவரசனைப் பெரிய பதவி கொடுத்து வேறு ஆலைக்கு அனுப்பினார்கள். மாமாவுக்கு மேடையில் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். டிரெய்னர் விஷயம் பேச்சில்லாமல் போயிற்று. இன்றும் காண்ட்ராக்ட் ஆள்தான்.

எனக்கு டீக்கடையில் ராஜ மரியாதை. ஆபீஸருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த டிரைவர் என்று தோளில் தட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா சிரிப்பார், கையைப் பிடித்துக் குலுக்குவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்கா எனக்கும் தட்டு வைத்தாள்.

"மாப்ள," என்றார். "தெரிஞ்சா வந்த?"

நான் சிரித்தேன். "விடு மாமா. அந்தாளு மூஞ்சியப் பாத்தியா?"

"நான் அவரு மூஞ்சியப் பாக்கல. உன் வண்டி டயரப் பாத்தேன். தெரியாம வர வண்டி எப்படி வரும்னு எனக்குத் தெரியும். இது அப்படி வரல."

அக்கா கரண்டியோடு நின்றாள்.

"முத்துசாமி கால எடுத்தானே அந்த டிரைவரு, அவன் தெரியாம வந்தான். இன்னி வரைக்கும் வருசா வருசம் பொங்கலுக்கு முத்துசாமி வூட்டு வாசல்ல போயி நின்னுட்டு வரான்."

அவ்வளவுதான் சொன்னார். என் தட்டில் அக்கா சோறு போட்டாள். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. அவர் என்னோடு சண்டை போடவில்லை. பேசுகிறார். ஆனால் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. "வாங்க டிரைவர், சாப்டீங்களா?" என்கிறார், வீட்டிலும் அப்படித்தான். அக்காவுக்கு அழுகை வருகிறது. எனக்கு அவர் செருப்பால் அடித்திருக்கலாம் என்று இருக்கிறது.

ஒரு நாளைக்குப் பதினாறு நடை கல் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். மற்ற லாரிகளை அவர் மேட்டடியிலிருந்து கட்டை வரைக்கும் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிடுவார். என் லாரியை மட்டும் பாதி மேட்டில் முஷ்டி காட்டி நிறுத்துவார். பின்னால் ஒன்றும் இருக்காது. ஒரு காரணமும் இருக்காது. நான் பிரேக்கை மிதித்து நிற்பேன். கண்ணாடியில் அவர் என் டயரைப் பார்ப்பார், அது முழுசாக நின்றுவிட்டதா என்று பார்ப்பார். பிறகுதான் விரலைத் திறந்து வா என்பார். பதினாறு நடைக்குப் பதினாறு தடவை நான் நின்று காட்டுகிறேன்.